ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

மகள்: வாயில வெச்சு உறிஞ்சாதேன்னு எத்தனை தடவைப்பா சொல்றது?

அப்பா: உறிஞ்சாம எப்படிடி வரும்? பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்துடுமா?

மகள்: குழாயை முழுசா மீன் தொட்டிக்குள்ள முக்கணும். உள்ளே தண்ணி ரொம்பினதும் ஒரு முனையைக் கட்டைவிரலால மூடி வெளியே எடுத்து, பக்கெட்டுக்குள்ள விட்டு... அப்பா!

அப்பா: க்ஹ்... த்தூ...

மகள்: குடிச்சுட்டியா?

அப்பா: லேசா.

மகள்: மீன் மூத்திரம் அது.

அப்பா: அதான் கொஞ்சம் காரமா இருந்துச்சு... சரி சரி, முறைக்காதே மிளகா. வந்துடுச்சு பாரு. எப்படிக் கொட்டுது!

அம்மா: ஏங்க, ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு வந்திருக்கீங்க. தூங்காம இதென்ன, நடுக்கூடத்துல ஒரு குளத்தை வெட்டிக்கிட்டு...

அப்பா: தூக்கம் எங்கே ஓடிடப் போவுது? வாரத்துக்கு ஒரு நாள்தான் என் பொண்ணு என்னைப் பக்கத்துல சேத்துக்கறா.

அம்மா: சேத்துக்கறாளா, திட்டறாளா?

அப்பா: நம்ம வீட்ல ரெண்டும் வேற வேறயா?

அம்மா: என்னமோ பண்ணுங்க. தையல் மெஷின் பக்கம் மட்டும் ஒரு சொட்டு தெறிக்கக் கூடாது. கடைக்காரம்மாவோட வெள்ளைத் துணி விரிச்சுக் கெடக்கு. கறை பட்டுச்சு... மீனோட சேத்துத் தெருவுல ஊத்திடுவேன்.

மகள்: நீ செய்வேம்மா. ஃபில்டர் ஸ்பாஞ்சை சோப்புப் போட்டுத் துவைச்சுக் கொடியில காயப் போட்டவதானே நீ.

அம்மா: ஆரம்பிச்சுட்டாளா! கன்னங்கரேல்னு வழவழன்னு இருந்துச்சு. அழுக்குன்னு நினைச்சேன். எந்தப் பொம்பளையா இருந்தாலும் துவைச்சிருப்பா.

மகள்: அந்த வழவழப்புலதான்மா மீனோட கழிவைத் தின்னுற கிருமியெல்லாம் இருக்கு. ஒரு ஊரையே அலசிப் பிழிஞ்சு கிளிப் மாட்டி வெச்சுட்டே. நாலு நாள்ல ஆறு மீன் மேலே மிதந்துச்சு.

அப்பா: ஆனா ஸ்பாஞ்சு நல்லா வெளுத்திருந்துச்சு. அதையும் சொல்லணும்ல.

அம்மா: நீங்களும் சேந்துக்கோங்க! ஒரு வருஷமா இதையே... நான் மெஷின்ல உக்காரப் போறேன். எனக்கு ஆயிரம் வேலை.

மகள்: அப்பா, குழாயை ஒரே இடத்துல வெச்சுக்கிட்டு வேடிக்கை பாக்காதே. கல்லுக்குள்ள லேசாக் குத்தி எடு. குத்தி... எடு. அடியில தங்கினதெல்லாம் மேலே வரணும்.

அப்பா: அடேங்கப்பா! புகை மாதிரி கெளம்புது. இத்தனையும் இந்த ஒன்பது மீன் பண்ண வேலையா?

மகள்: பின்ன, நானா பண்ணேன்?

அப்பா: இந்த மீசைக்காரன் மட்டும் நகர மாட்டேங்கறான் பாரு. கண்ணாடியில ஒட்டிக்கிட்டு... நான் ஒழுங்கா வேலை செய்யறேனான்னு பாக்கறான்.

மகள்: அதனாலதான் அதுக்கு இன்ஸ்பெக்டர்னு பேர் வெச்சிருக்கேன். வாலை இடிக்காதே. மெதுவா.

அப்பா: எவ்வளவு எடுக்கணும்?

மகள்: கேக்கறதைப் பாரு, என்னமோ இன்னிக்குத்தான் புதுசா வந்தவர் மாதிரி. கண்ணாடி மேல சிவப்பு டேப் ஒட்டியிருக்கேன்ல, அதுவரைக்கும். கால் பங்கு. ஒரு விரல்கூட அதிகம் போகக் கூடாது.

அப்பா: மிச்ச முக்கால் பங்கு அழுக்குத் தண்ணி அப்படியே கெடக்குமே. எங்க வாட்டர் ஸ்டேஷன்ல தொட்டி கழுவினா கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்துட்டுத்தான்...

மகள்: உங்க ஸ்டேஷன் தொட்டில மீன் கெடையாது.

அப்பா: போன மழைக்கு ஒண்ணு வந்துச்சு.

மகள்: என்னது!

அப்பா: சின்னதுதான். யார்கிட்டயும் சொல்லாதே.

மகள்: அந்தத் தண்ணியைத்தான் ஊரே குடிக்குது. நாமளும் சேத்து.

அப்பா: வடிகட்டித்தானே அனுப்பறோம்! மருந்து போட்டுத்தானே அனுப்பறோம்! இருபத்திரெண்டு வருஷமா இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது என் தண்ணியால வயித்தைக் கலக்கியிருக்கா, கேட்டுப் பாரு.

மகள்: தெரியும் தெரியும். ராத்திரி முழுக்க அங்கே உக்காந்து குளோரினைத் தொறந்து விடுவே. காலைல நான் இங்கே உக்காந்து சொட்டு மருந்தை விட்டு அதே குளோரினை முறிப்பேன். அப்பன் போடறதும் பொண்ணு எடுக்கறதும்... நல்ல குடும்பம்.

அப்பா: குளோரின்காரர் வீட்ல மீன் வளக்கறாங்கன்னு தெருவே சிரிக்குது. தெருக்கோடி வீட்டு எலக்ட்ரீசியன் என்ன கேட்டான் தெரியுமா? உங்க பொண்ணு உங்க மேல இருக்கற கோவத்துல வளக்கறாளா, பாசத்துல வளக்கறாளான்னு.

மகள்: நீ என்ன சொன்னே?

அப்பா: அவளுக்கு அது ரெண்டுக்கும் ஒரே முகம்தான், எனக்கே கண்டுபிடிக்க முடியலைன்னேன்.

மகள்: ...அந்தப் பக்கம் மூலையில இன்னும் இருக்கு. எட்டலைன்னா ஸ்டூல்ல ஏறு.

அம்மா: ஏய்... மெஷினை நிறுத்திட்டுக் கேக்கறேன். சொல்லிட்டியா அவர்கிட்ட?

மகள்: அம்மா!

அப்பா: எதைச் சொல்லணும்?

மகள்: ஒண்ணுமில்ல. நீ கல்லைக் குத்து.

அம்மா: ஒண்ணுமில்லையா? செவ்வாய்க்கிழமை வந்த கவரு. தலகாணி உறைக்குள்ள தூங்குது. நானும் இன்னிக்குச் சொல்லுவா, நாளைக்குச் சொல்லுவான்னு வாயைத் தைச்சுக்கிட்டு இருக்கேன்.

மகள்: வாயைத் தைக்கற லட்சணம் இதுதானா?

அப்பா: என்ன கவரு? ஏதாவது... உடம்புக்கு ஏதாவது...

மகள்: ஐயோ, அதெல்லாம் இல்லப்பா. வேலை. ஒரு வேலைக்கு ஆர்டர் வந்திருக்கு. நான் போகப் போறதில்ல. அவ்வளவுதான். முடிஞ்சுது.

அப்பா: வேலையா? என்ன வேலை?

மகள்: கெமிஸ்ட்.

அப்பா: கெமி... அடியே! ரெண்டு வருஷமா அந்த மருந்துக்கடையில நின்னு இருமல் டானிக் எடுத்துக் குடுத்துக்கிட்டு, ராத்திரி ராத்திரி உக்காந்து பரீட்சை எழுதி எழுதி... வந்துடுச்சா? வந்துடுச்சா! இதைப் போய்த் தலகாணிக்குள்ள... எங்கே வேலை?

மகள்: எங்கேயோ. விடேன்.

அப்பா: எங்கேடி?

அம்மா: சொல்லேன்.

மகள்: உங்க ஸ்டேஷன்ல.

அப்பா: எங்க ஸ்டேஷன்லன்னா... எங்க ஸ்டேஷன்லயா? நான் வேலை செய்யற...

மகள்: ஆமா. நீ வேலை செய்யற அதே ஸ்டேஷன். அதே லேபு. போன மாசம் ரிட்டையர் ஆனாரே உங்க கண்ணாடி சார், அவரோட சீட்டு. மொத்தம் எட்டு ஸ்டேஷன் இருக்கு குடிநீர் வாரியத்துக்கு. எட்டுல வேற எதையாவது குடுக்கக் கூடாது? தேடிப் பிடிச்சு இதைத் தூக்கி என் தலையில போட்டிருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள தலைமை ஆபீஸ்ல போய்ச் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். போடலைன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். போவட்டும். ஏன் சிரிக்கறே?

அப்பா: நான் சிரிக்கலையே.

மகள்: பல்லெல்லாம் தெரியுது.

அப்பா: அது... அதுபாட்டுக்குத் தெரியுது, நான் என்ன பண்ண? அடியே, என் பொண்ணு... எங்க லேபுல... ஏ, நீ கேட்டியாடி? உனக்கு முன்னாலயே தெரியுமா? கள்ளி! இரு, அந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிடு. தெருவைக் கூப்பிடு. இவ இனிமே...

அம்மா: ஐயோ, கையிலே குழாயை வெச்சுக்கிட்டு ஆடாதீங்க! துணி! வெள்ளைத் துணி!

அப்பா: துணி கெடக்கு விடு!

அம்மா: கெடக்கா? நாளைக்குக் கடைக்காரம்மா வந்து நிப்பா, நீங்க பதில் சொல்லுங்க... அட, குழாயைப் பக்கெட்டுக்குள்ள விடுங்க முதல்ல!

மகள்: அப்பா, இதுல சந்தோஷப்பட ஒண்ணுமே இல்ல. நான் போக மாட்டேன்.

அப்பா: ஏன் மாட்டே?

மகள்: ஏன்னு உனக்குத் தெரியாதா?

அப்பா: தெரியாது. எனக்கு எட்டாவதோட நின்னு போச்சு. நீதான் படிச்சவ. சொல்லு.

மகள்: தினமும் காலைல டெஸ்ட்டுக்கு ஆறு பாட்டில் தண்ணியைத் தூக்கிக்கிட்டு லேபுக்குள்ள யார் வரணும்?

அப்பா: பகல் டூட்டில இருக்கறவன். சனிக்கிழமை மட்டும்தான் எனக்கு ராத்திரி டூட்டி, மத்த நாள் நான்தான்.

மகள்: வந்து?

அப்பா: மேசை மேல வெச்சுட்டு நிக்கணும்.

மகள்: எதுக்கு நிக்கணும்?

அப்பா: அவங்க பாத்துட்டுக் கையெழுத்துப் போடற வரைக்கும். கால் மணி நேரம்... அரை மணி... ஃபோன் வந்துட்டா இன்னும் கொஞ்சம்.

மகள்: நான் மேசையில உக்காந்திருப்பேன். நீ எதிர்ல நிப்பே. என்னை மேடம்னு கூப்பிடுவே.

அப்பா: மேடம்.

மகள்: சொல்லாதே!

அப்பா: நல்லாத்தானே இருக்கு? மேடம்... தண்ணி கொண்டாந்திருக்கேன் மேடம்... அடிக்க வராதே, ஸ்டூல்ல நிக்கறேன், விழுந்துடுவேன்!

மகள்: உனக்கு எல்லாமே விளையாட்டு. ஏழாவது படிக்கும்போது நான் உனக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு வந்தேன், ஞாபகம் இருக்கா? ஒரு பாட்டில் மூடி சரியா இல்லாம தண்ணி தரையில கொட்டிடுச்சு. அந்தக் கண்ணாடி ஆள் தலையைக்கூடத் தூக்கல. 'துடை'ன்னான். நீ துணி தேடினே. 'தோள்ல இருக்கே, அது எதுக்கு?'ன்னான். நீ உன் துண்டை எடுத்து... நான் கதவுக்கு வெளியே சாப்பாட்டுத் தூக்கோட நின்னுக்கிட்டு இருந்தேன்.

அப்பா: ...நீ அப்போதான் வந்தேன்னு சொன்னே.

மகள்: பொய் சொன்னேன்.

அம்மா: என்கிட்டயும் சொல்லலையேடி இதை.

மகள்: என்னன்னு சொல்றது? அந்த மேசையில போய் நான் உக்காரணுமா? எனக்குக் கை கூசும்மா. இவரை எதிர்ல நிக்க வெச்சுக்கிட்டு என்னால ஒரு கையெழுத்துப் போட முடியாது. வேற ஸ்டேஷன் குடுத்தா போறேன். இல்லைன்னா இருமல் டானிக்கே எடுத்துக் குடுத்துட்டுப் போறேன்.

அப்பா: அவன் துடைன்னான். நீயும் துடைன்னா சொல்லப் போறே?

மகள்: அது இல்லப்பா விஷயம்...

அப்பா: அதுதான் விஷயம். அவனுக்கு முன்னாடி ஒருத்தர் இருந்தாரு. தொப்பை சார். 'வாய்யா, உக்காரு, தண்ணி எப்படி இருக்கு இன்னிக்கு?'ம்பாரு. நான் மோந்து பாத்தே சொல்லுவேன், அவர் மெஷின்ல போட்டுப் பாப்பாரு, சரியா இருக்கும். விழுந்து விழுந்து சிரிப்பாரு. மேசை ஒண்ணுதான். ஆள்தான் வேற.

மகள்: எல்லாரும் என்ன பேசுவாங்க? அப்பன் பாட்டில் தூக்கறான், பொண்ணு உக்காந்து...

அப்பா: பேசட்டும். நல்லாப் பேசட்டும். நானே ஆரம்பிச்சு வைக்கறேன். இருபத்திரெண்டு வருஷமா அந்த இடத்துல பேசறதுக்கு ஒண்ணுமே இல்லாமக் கெடக்கோம்.

மகள்: முடியாதுப்பா. நீ என்ன சொன்னாலும்... அம்மா, ஏம்மா அப்படிப் பாக்கறே?

அம்மா: இல்ல... மீனெல்லாம் ஏன் ஒரே இடத்துல சேந்து நிக்குது?

மகள்: எங்கே?

அம்மா: கீழே. தரையோட.

மகள்: ஐயோ! குழாய்! குழாயை எடுப்பா! டேப்பைத் தாண்டி... பாதிக்கும் கீழே போயிடுச்சு!

அப்பா: எடுத்துட்டேன், எடுத்துட்டேன்!

அம்மா: பக்கெட்டு எப்பவோ ரொம்பி வழிஞ்சிருக்கு. கால்ல ஈரம் படும்போதே நினைச்சேன்... ஐயையோ, கட்டிலுக்கு அடியில ஓடுதுங்க!

மகள்: இன்ஸ்பெக்டரைப் பாரு, முதுகு தெரியுது! கால் பங்குன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அடிச்சுச் சொன்னேன்!

அப்பா: நீதானே பேச்சுக் குடுத்தே!

மகள்: நீதானே ஆடினே!

அம்மா: ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சுக்கோங்க. அந்தப் பழைய போர்வையைத் தூக்கிப் போடுங்க இங்கே. சிரிக்காதீங்கங்க... சிரிக்காதேடி... எனக்கும் வருது...

அப்பா: நீ ஏன் சிரிக்கறே, நீ கோவமா இருந்தேல்ல?

மகள்: கோவமாத்தான் இருக்கேன். அம்மா வழுக்கிக்கிட்டே மெஷினைக் கட்டிப் பிடிச்சுச்சே... ஹஹ்... அந்த வெள்ளைத் துணி...

அம்மா: துணிக்கு ஒண்ணும் ஆகல. என் இடுப்புக்குத்தான் ஆச்சு.

மகள்: சரி, போதும். வேலையைப் பாப்போம். ரெண்டு நாளா டிரம்முல பிடிச்சு வெச்ச தண்ணி கால் பங்குக்குத்தான் வரும். மிச்சத்துக்குக் குழாய்ல புதுசாப் பிடிச்சுத்தான் ஊத்தியாகணும். பச்சைத் தண்ணி. இவ்வளவையும் ஒரே நாள்ல மாத்தினா மீன் தாங்குமோ என்னமோ... குளோரின் ஒரு துளி மிஞ்சினாலும் செவுளு வெந்து போயிடும்.

அப்பா: முதல்ல டிரம் தண்ணி. நான் மொண்டு தரேன், நீ ஊத்து.

மகள்: ஒரு தட்டைக் குடும்மா. தட்டு மேல ஊத்தணும், இல்லைன்னா கல்லெல்லாம் குழி விழுந்துடும். ம்ம்... மெதுவா... இன்னும் ஒண்ணு... இன்ஸ்பெக்டர் முதுகு முங்கிடுச்சு. அப்பாடா. இப்போ குழாய்த் தண்ணி. பக்கெட்ல பிடிச்சுக்கிட்டு வா. கையை விட்டுப் பாரு, சில்லுன்னு இருந்தா கொஞ்சம் வெந்நீர் கலக்கணும்.

அப்பா: இந்தா. சரியா இருக்கு. சொட்டு மருந்து எங்கே?

மகள்: இதோ. பாட்டில் அடியில கொஞ்சம்தான் இருக்கு. போதுமோ போதாதோ...

அப்பா: போதலைன்னாலும் பயப்படாதே. இன்னிக்குத் தண்ணி சாதுவாத்தான் இருக்கும்.

மகள்: சாதுவான்னா?

அப்பா: ஒண்ணுமில்ல. விடு.

மகள்: சாதுவான்னா என்னப்பா?

அப்பா: ஞாயித்துக்கிழமை தண்ணில்ல... குளோரின் கம்மியாத்தான் இருக்கும். அதைச் சொன்னேன்.

மகள்: ஞாயித்துக்கிழமைன்னா குளோரினுக்கு லீவா? ஏன் கம்மியா இருக்கும்?

அப்பா: நீ சொட்டை விடு.

மகள்: அப்பா.

அப்பா: நீ தண்ணி மாத்தற நாளாச்சே. மீனுக்கு ஆகாதேன்னு... விடியக்காலைல வால்வை ஒரு அரைத் திருகு... குறைச்சு விட்டுட்டு வருவேன்.

மகள்: என்ன?

அப்பா: அரைத் திருகுதான்.

மகள்: ஊருக்கே போற தண்ணில?

அப்பா: ஒரு நாலு மணி நேரம். அப்புறம் அடுத்த ஷிப்ட் ஆள் வந்து பழையபடி...

மகள்: என் ஒன்பது மீனுக்காக? உனக்குப் புத்தி இருக்காப்பா? எத்தனை வீடு! எத்தனை கைக்குழந்தை! ஆஸ்பத்திரிக்கும் அந்தக் குழாய்தானே போவுது? வாந்தி பேதி வந்தா என்ன பண்ணுவே? இருபத்திரெண்டு வருஷமா ஒருத்தனுக்கும் வயித்தைக் கலக்கலைன்னு இப்பத்தானே மார் தட்டினே?

அப்பா: இதுவரைக்கும் கலக்கலையே.

மகள்: கலக்கினா? லேபுல பாக்க மாட்டாங்களா? தினமும் பாட்டில் போவுதே, அளவு குறைஞ்சா காட்டிக் குடுத்துடுமே!

அப்பா: கண்ணாடி சார் பாட்டிலைத் தொறந்து பாத்தாத்தானே? நேத்து எழுதின நம்பரையே இன்னிக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுடுவாரு. அரை மணி நேரம் எதிர்ல நிக்கற எனக்குத் தெரியாதா? இப்போ அவரும் இல்ல. நோட்டுல என் இஷ்டத்துக்கு நானே எழுதறேன்.

மகள்: நீயே எழுதறியா!

அப்பா: கேக்கறதுக்குத்தான் ஆள் இல்லையே.

மகள்: அடுத்து வர்றவங்க கேப்பாங்க.

அப்பா: எங்கே? நீதான் போகலைங்கறே. லிஸ்ட்ல அடுத்தவன் வருவான். அவனும் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கிட்டு உக்காந்துடுவான். அவன் பாட்டுக்கு அவன், நான் பாட்டுக்கு நான்.

மகள்: நான் இருந்தா விட்டிருவேன்னு நினைச்சியா?

அப்பா: நீ இல்லையே.

மகள்: இருந்தான்னு சொல்றேன்! நான் அங்கே இருந்தா, அப்பன்னும் பாக்க மாட்டேன், ஆட்டுக்குட்டின்னும் பாக்க மாட்டேன். வால்வைத் தொட்ட கைக்கு மெமோ குடுப்பேன்!

அப்பா: மேசையில உக்காராம எப்படி மெமோ குடுப்பே? நின்னுக்கிட்டேவா?

மகள்: உக்காருவேன்!

அப்பா: கை கூசும்னியே.

மகள்: இப்போ கூசல! நாளைக்குக் காலைல போய்க் கையெழுத்துப் போட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குத்தான் வரேன். முதல்ல எடுக்கப் போறது உன் நோட்டைத்தான். ஞாயித்துக்கிழமைப் பக்கம் ஒவ்வொண்ணா. ரெடியா இரு.

அப்பா: இருக்கேன் மேடம்.

மகள்: மேடம்னு சொல்லாதே!

அப்பா: சரி மேடம்... சொட்டைப் பாத்து விடும்மா, என்னமோ எண்ணி எண்ணி ஊத்தறே. அதான் தண்ணி சாதுன்னேனே, பாதி போதும்.

மகள்: நீ பேசாதே. பதினெட்டு... பத்தொம்பது... இருபது. கலக்கு. கையால இல்ல, கரண்டியால. தட்டைப் பிடி. ஊத்து. டேப்புக்கு மேல வந்து, பழைய கோட்டுக்கு வந்ததும் நிறுத்து. இப்பவாவது கோட்டுல நிறுத்துவியா?

அப்பா: நிறுத்திட்டேன்.

மகள்: ஃபில்டரை ஆன் பண்ணு. ம்... நீந்துது. எல்லாம் நீந்துது. அம்மா, என் நீலச் சட்டை இஸ்திரி போட்டதா இருக்கா? இல்லையா? நானே போட்டுக்கறேன். சர்டிஃபிகேட் ஃபைலையும் எடுக்கணும்.

அம்மா: போயிட்டா... கதவை எப்படிச் சாத்தறா பாருங்க. ஏங்க, இங்கே வாங்க. என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. நிஜமாவே குறைச்சீங்களா?

அப்பா: மெதுவாப் பேசு.

அம்மா: புள்ளைங்க குடிக்கற தண்ணிங்க...

அப்பா: அடி போடி. பெத்த பொண்ணே வந்து கால்ல விழுந்தாலும் அந்த வால்வை நான் ஒரு நூல் நகத்த மாட்டேன். நோட்டும் நான் எழுதறதில்ல, பக்கத்து ஸ்டேஷன் கெமிஸ்ட் வந்துதான் பாத்து எழுதறாரு.

அம்மா: அப்புறம் எதுக்கு இந்தப் பொய்?

அப்பா: கெஞ்சினா வருவாளா? அழுதா வருவாளா? சின்னப் புள்ளையிலேருந்து இவளைக் கெளப்பணும்னா ஒரே வழிதான். எங்கேயாவது ஒரு அநியாயத்தைக் காட்டணும். அடுத்த நிமிஷம் செருப்பைத் தேடுவா. காட்டறதுக்கு வேற அநியாயம் கையில இல்ல. என் பேர்லயே ஒண்ணைச் செஞ்சேன்.

அம்மா: பாவி மனுஷா! நானே நம்பிட்டேன்.

அப்பா: நாளைக்கு நோட்டைத் தொறந்து பாத்துட்டு என்னைக் கடிச்சுக் குதறுவா. குதறட்டும். மேசையில உக்காந்துதானே குதறுவா?

மகள்: முடிஞ்சுதா?

அப்பா: ...இஸ்திரி போடலையா நீ?

மகள்: கதவு சாத்தினா உள்ளே போயிட்டேன்னு அர்த்தமா? உன் ரகசியம் எலக்ட்ரீசியன் வீடு வரைக்கும் கேக்குது.

அப்பா: அது வந்து... நீ கோவப்படாதே மிளகா... 

மகள்: கோவம் எதுக்கு? நீ வாயைத் தொறந்தப்பவே பொய்னு தெரியும். நீ சைக்கிள்ல வந்து சேர்றதுக்குள்ள ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் குழாய்த் தண்ணியை ஒரு டம்ளர் பிடிச்சு டெஸ்ட் பண்ணிடுவேன். டெஸ்ட் திரவம் ரெண்டு சொட்டு விட்டா, குளோரின் அளவுக்கு ஏத்த மாதிரி மஞ்சளா மாறும். மூணு வருஷம், நூத்தி ஐம்பது ஞாயித்துக்கிழமை, ஒரே மஞ்சள். ஒரு நாள் வெளுத்ததில்ல, ஒரு நாள் அடர்ந்ததில்ல. என் காலேஜ் லேபுலகூட அப்படி வந்ததில்லப்பா.

அம்மா: அதான் சொட்டு மருந்தை முழுசா இருபது விட்டாளா! நானும் பாத்தேன், பாதி போதும்னு இவர் சொல்றாரு, இவ கேக்காம...

மகள்: நம்பியிருந்தா ஏன் விடறேன்?

அப்பா: அப்போ அந்தக் கத்து? மெமோ? உக்காருவேன்னு குதிச்சது?

மகள்: நீ அவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கறே, நான் மட்டும் சும்மா நிக்கறதா? கையெழுத்தெல்லாம் வெள்ளிக்கிழமையே போய்ப் போட்டாச்சு. நாளைக்கு நேரா ஸ்டேஷன்தான்.

அப்பா: வெள்ளிக்கிழமையேவா! அப்புறம் எதுக்குடி இன்னிக்குக் காலைலேருந்து மாட்டேன் மாட்டேன்னு என் உசிரை எடுத்தே?

மகள்: நான் கத்தற கத்துல, 'சரிம்மா, வேணாம்னா விட்டுடு, எனக்கும் சங்கடமாத்தான் இருக்கும்'னு ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து நழுவுதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நழுவியிருந்தா, நாளைக்கு முதல் வேலையா அந்தக் கையெழுத்தை அடிச்சுட்டு வந்திருப்பேன், உனக்குத் தெரியாமலே... ஏன்பா இப்படி நிக்கறே? போய்த் தூங்கு. காலைல ரெண்டு பேரும் சேந்து கெளம்பணும்.